ரயிலுக்கு இசிஜி எடுத்த முதல் மனிதர்: கம்ப்யூட்டர் தந்தை பாபேஜின் அறியப்படாத ரயில் கதை

சேலம் ஜங்ஷன் யார்டைக் கடக்கும்போதோ, ராசிபுரம், நாமக்கல் வழியாக கரூர் போகும்போதோ, எப்போதாவது ஒரு வித்தியாசமான ரயில் பெட்டி கண்ணில் படலாம். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பயணிகள் பெட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே சீட் வரிசை இருக்காது. சக்கரத்துப் பக்கத்திலிருந்து ஒயர்கள் கிளம்பி பெட்டிக்குள் போகும். உள்ளே மேஜை, திரை, மின்கருவிகள். பயணி ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இது என்ன பெட்டி? சுருக்கமாகச் சொன்னால், ரயிலுக்கு இசிஜி எடுக்கும் பெட்டி. ரயில் ஓடும்போது எவ்வளவு குலுங்குகிறது, இன்ஜின் எவ்வளவு பலத்தில் இழுக்கிறது, தண்டவாளம் எங்கே கெட்டிருக்கிறது என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே அளக்கும். நாமக்கல்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், லாரியை எஃப்.சி.க்குக் கொண்டுபோவது மாதிரி. என்ன, இங்கே வண்டி ஓட ஓடவே சோதனை நடக்கும்.

இப்படி ஒரு பெட்டிக்குள் கருவிகளைப் பொருத்தி, ஓடும் ரயிலின் துடிப்பைத் தாளில் பதிவு செய்யலாம் என்று 1838-39லேயே செய்துகாட்டியவர் ஒரு ரயில்வே இன்ஜினியர் அல்ல. பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த பெயர்தான். கம்ப்யூட்டரின் தந்தை என்று சொல்லப்படும் சார்லஸ் பாபேஜ்.

யார் இந்த பாபேஜ்?

1791 டிசம்பர் 26 அன்று லண்டனில் பிறந்தவர். அப்பா பெஞ்சமின் வங்கித் தொழில் செய்தவர், வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். அங்கே சொல்லிக்கொடுத்த கணிதம் பழசாகிவிட்டது என்று கோபப்பட்டு, 1812-ல் ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கமே ஆரம்பித்தார். 1814-ல் ஜார்ஜியானாவைத் திருமணம் செய்துகொண்டார்.

அந்தக் காலத்தில் கால்குலேட்டர் கிடையாது. கப்பல் ஓட்டுபவர், வங்கிக்காரர், இன்ஜினியர் எல்லோரும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளைத்தான் நம்பினார்கள். அந்த அட்டவணைகளைப் போட்டவர்களோ மனிதர்கள். ஆகவே தப்பு இருக்கும். கடலில் ஒரு எண் தப்பினால் கப்பல் பாறையில் மோதும். 1821-ல் ஹெர்ஷலோடு உட்கார்ந்து அப்படிப்பட்ட அட்டவணைகளைச் சரிபார்த்தபோது, தப்புக்கு மேல் தப்பு வந்தது. கணக்கையே ஒரு மெஷின் போட்டால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் வலுத்தது.

1822-ல் ஒரு சின்ன மாதிரி இயந்திரம் செய்துகாட்டினார். அடுத்த வருடம் பிரிட்டிஷ் அரசு 1,500 பவுண்டு கொடுத்தது. டிஃபரன்ஸ் இன்ஜின் என்ற பெரிய கணக்கு இயந்திரத்தின் வேலை தொடங்கியது.

1827 அவருடைய வாழ்க்கையையே உடைத்துப் போட்ட வருடம். அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரே வருடத்தில் நான்கு மரணங்கள். பிறந்த எட்டுக் குழந்தைகளில் மூன்று பேர்தான் வளர்ந்து பெரியவர்களானார்கள். அப்பா விட்டுப்போன சொத்து சுமார் ஒரு லட்சம் பவுண்டு. காசுக்குக் கஷ்டமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலைதான் அவருக்கு வீடு.

ரயில் எப்படி அவர் வாழ்க்கைக்குள் வந்தது?

1830 செப்டம்பர் 15. லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை திறப்பு விழா. விழாவுக்குப் போனவர்களில் பாபேஜும் ஒருவர். அன்றைக்கே வில்லியம் ஹஸ்கிசன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ராக்கெட் என்ற இன்ஜினில் அடிபட்டு இறந்துபோனார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட முதல் ரயில் விபத்து மரணம் அது.

புதிய வண்டி வேகமாகப் போகும், சரி. அது எப்படி ஆளைக் கொல்லாமல் போகும்? இந்தக் கேள்வி பாபேஜை விடவில்லை. தண்டவாளத்தில் கிடக்கும் தடையை ஒதுக்கித் தள்ள, இன்ஜினின் முன்னால் சாய்வான தடுப்பு ஒன்று வைக்கலாம் என்று யோசனை சொன்னார். இன்று நம்ம ஊர் இன்ஜின் மூக்குக்குக் கீழே பார்க்கிறோமே, மாடு மாட்டினால் சக்கரத்துக்குள் போகாமல் தள்ளிவிடும் இரும்புத் தடுப்பு, அதே யோசனைதான்.

இன்ஜின் தடம் புரண்டால் பின்னால் வரும் பெட்டிகள் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும் என்றும் ஒரு அமைப்பைச் சிந்தித்தார்.

அகலமா, குறுகலா: என்ன சண்டை அது?

இதைப் புரிந்துகொள்ள சேலத்துக்காரர்களுக்கு வகுப்பு தேவையில்லை. சேலம் - பெங்களூரு பாதை மீட்டர்கேஜாக இருந்து 1990-களில் அகலப் பாதையானது. சேலம் - விருத்தாசலம் பாதை 2007-ல் மாறியது. அதுவரை ஒரே ஊரில் இரண்டு அகலத்தில் தண்டவாளம். ஒரு பாதைப் பெட்டி இன்னொரு பாதையில் ஓடாது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், ஆளும் மாறி ஏற வேண்டும்.

1830-களில் இங்கிலாந்திலும் இதே தலைவலி. ஸ்டீபன்சன் போட்ட பாதைகளில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,435 மில்லிமீட்டர். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயைப் போட்ட இளம் இன்ஜினியர் இசாம்பார்ட் கிங்டம் புருனெல் அதை ஏற்கவில்லை. அகலமாக இருந்தால் வேகமாகவும் குலுங்காமலும் போகலாம் என்று சொல்லி, 7 அடி அகலத்தில், அதாவது ஏறக்குறைய 2,140 மில்லிமீட்டரில் போட்டார். இன்றைய இந்திய அகலப் பாதையே 1,676 மில்லிமீட்டர்தான் என்றால், அது எவ்வளவு பெரிசு என்று பாருங்கள்.

1838 ஜூனில் பேடிங்டன் - மெய்டன்ஹெட் பகுதி திறந்தது. வண்டி எதிர்பார்த்தபடி ஓடவில்லை. குலுங்கல் புகார் வந்தது. செலவு எகிறியது. பங்குதாரர்கள் கொதித்தார்கள். வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து விசாரிக்கச் சொன்னார்கள். தீர்ப்பு எதிராக வந்திருந்தால், புருனெலின் பாதையும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அப்போது அவருக்கு வயது 32.

இந்த இடத்தில்தான் பாபேஜ் உள்ளே வருகிறார். அகலப் பாதை நல்லதா, கெட்டதா என்று ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்த்தவர்கள் குறைவு. பாபேஜ் அளக்கக் கிளம்பினார்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

கம்பெனி அவருக்கு ஒரு இன்ஜினும் இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்றும் கொடுத்தது. பெட்டியின் உள்பக்கத்தைக் காலி செய்தார். நடுவில் நீளமான மேஜை. அதில் ஒரு விசேஷம். பெட்டியின் உடம்பைத் தொடாமல் தனியாக நின்றது. பெட்டி ஆடினாலும் மேஜை கூடவே ஆடிவிட்டால், எவ்வளவு ஆடியது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

மேஜை மேல் நீளமான காகிதச் சுருள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுருளும் சுமார் 1,000 அடி நீளம். காகிதத்தின் மேல் வரிசையாகப் பேனாக்கள். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு வேலை:

- இன்ஜின் எவ்வளவு பலத்தில் இழுக்கிறது என்று ஒரு கோடு
- பெட்டி மேலும் கீழும் எவ்வளவு துள்ளுகிறது என்று ஒரு கோடு
- பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு கோடு
- பெட்டியின் நுனிப் பகுதி எவ்வளவு குலுங்குகிறது என்று ஒரு கோடு
- கடிகாரத்தோடு இணைத்த பேனா அரை நொடிக்கு ஒரு முறை வைக்கும் புள்ளி

கடைசியில் சொன்னதுதான் முக்கியமானது. நேரப்புள்ளி இருப்பதால், காகிதத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த நொடியில் வேகம் என்ன, இழுவை என்ன, குலுங்கல் என்ன என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரு இடத்தில் கோடு திடீரென்று எகிறினால், தண்டவாளத்தில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

இதில் மின்சாரம் துளியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங், நெம்புகோல், பல்சக்கரம், மை. அவ்வளவுதான். ஐந்து மாதம் இந்த வேலை நடந்தது. சுமார் 300 பவுண்டு அவருடைய சொந்தக் காசு. அவரிடம் வேலை பார்த்தவர்களும் இதிலேயே இறங்கினார்கள். மூத்த மகன் ஹெர்ஷலும் கூட நின்று உதவினார். மொத்தம் இரண்டு மைல் நீளத்துக்குக் காகிதம் நிரம்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன?

பயணிகள் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல் சோதிக்க ஞாயிற்றுக்கிழமைதான் தோது. ஒரு ஞாயிறு, பாபேஜ் தன் பெட்டியோடு புறப்படத் தயாராக நின்றார். இன்று வேறு இன்ஜினே கிடையாது, எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போகலாம் என்று அதிகாரி சொன்னார். பாபேஜ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்கிறது என்றார். வாய்ப்பே இல்லை என்றார் அதிகாரி. சத்தம் நெருங்கியது. சில நிமிடத்தில் புகையில் கறுத்த முகத்தோடு ஒரு இன்ஜினில் வந்து இறங்கியவர் புருனெல்! ரயிலைத் தவறவிட்டதால் தனி இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொண்டு, மணிக்கு 50 மைல் வேகத்தில் வந்திருந்தார்.

பாபேஜ் சற்று முன்னாலேயே கிளம்பியிருந்தால்? அதே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்திருக்கலாம். கணக்கு இயந்திரத்தின் கதையும், கிரேட் வெஸ்டர்ன் கதையும் அன்றே முடிந்திருக்கும். எதிரே இன்ஜினைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பாபேஜ் கேட்டபோது, இன்னும் வேகத்தைக் கூட்டி எதிர் இன்ஜினைத் தூக்கி எறியப் பார்த்திருப்பேன் என்கிற அர்த்தத்தில் புருனெல் பதில் சொன்னாராம். மோதுபவர்கள் இருவருமே அப்படி நினைத்தால் என்ன ஆகும் என்பதை நம் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

இன்று சிக்னல், பிளாக் முறை, கட்டுப்பாட்டு அறை எல்லாம் ஏன் இருக்கின்றன என்பதற்கு இந்த ஒரு ஞாயிறே போதும்.

பேனா போட்ட கோடு யாரைக் காப்பாற்றியது?

1839 ஜனவரியில் பங்குதாரர் கூட்டம். ஒரே கூச்சல். பாபேஜ் எழுந்து, தன் பெட்டி பதிவு செய்த விவரங்களை வைத்துப் பேசினார். அந்தப் பேச்சு பலருடைய மனதை மாற்றியது என்பது அவர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இருக்கும் தகவல். அவர் ஒருவரால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. இன்ஜினின் புகைபோக்கிக்குள் நீராவி வெளியேறும் குழாயைத் திருத்தியதும், அதே இன்ஜின் முன்பைவிட அதிக பாரம் இழுத்தது; அதைச் செய்தவர்கள் புருனெலும் டேனியல் கூச்சும். ஆக, எல்லாம் சேர்ந்து ஓட்டு புருனெல் பக்கம் விழுந்தது. வேலை தப்பியது.

ஆனால் நாட்டுக்கு ஒரே அகலம் வேண்டும் என்ற கேள்வி வேறு. 1846-ல் சட்டம் வந்தது. குறுகலான 1,435 மில்லிமீட்டர் ஜெயித்தது, ஏற்கெனவே அதில்தான் அதிக தூரம் போட்டிருந்தார்கள். 1892 மே மாதம் புருனெலின் அகலப் பாதை முழுவதுமாகப் போய்விட்டது. நன்றாக ஓடுவது மட்டும் போதாது, எல்லா ஊர் வண்டியோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் பாடம். சார்ஜர் பின் மாறினாலே நமக்குக் கோபம் வருகிறதே, அதே விஷயம்.

சோதனை முடிந்தபோது பாபேஜ் இன்னொன்றையும் வலியுறுத்தினார். ஒவ்வொரு ரயிலிலும் வேகத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவி இருக்க வேண்டும். விபத்து நடந்தால், ஆள் சொல்லும் சாட்சியைவிட அந்தப் பதிவு நம்பகமாக இருக்கும். விமானத்தின் கறுப்புப் பெட்டியும், இன்றைய ரயில் இன்ஜின்களில் இருக்கும் வேகப்பதிவுக் கருவியும் செய்வது இதைத்தான்.

மை போய் மின்சாரம் வந்தது எப்படி?

பாபேஜின் நண்பர் ஒருவர் சார்லஸ் வீட்ஸ்டன். 1839-ல் இதே கிரேட் வெஸ்டர்ன் பாதையில், பேடிங்டனிலிருந்து வெஸ்ட் டிரேட்டன் வரை மின்தந்தி போட்ட இருவரில் ஒருவர். பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டன் பாலம் படித்திருப்பீர்கள். நான்கு மின்தடைகளைச் சேர்த்து, அதில் ஒன்றின் மிகச் சின்ன மாற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் சுற்று. 1833-ல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி சொன்னது, 1843-ல் வீட்ஸ்டன் பரவலாக்கியதால் அவர் பெயரே நின்றுவிட்டது.

இன்றைய சோதனைப் பெட்டியின் உயிர் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. இரும்பின் மேல் மெல்லிய உலோக இழை ஒட்டப்படும். இன்ஜின் இழுக்கும்போது இரும்பு மயிரிழை அளவு நீளும். இழையும் கூட நீளும். நீண்டால் மின்தடை கூடும். வீட்ஸ்டன் பாலம் அதைப் பிடித்து மின்சிக்னலாக மாற்றும். பாபேஜின் ஸ்பிரிங் செய்த வேலையை இப்போது இந்த இழை செய்கிறது. பேனா போட்ட கோடு கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. இரண்டு நண்பர்களின் வேலை ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்தியாவில் இந்த வேலையின் தலைமையகம் லக்னோவில் இருக்கும் ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு. 1957-ல் உருவானது. புதிய வகைப் பெட்டியோ, கூடுதல் வேகமோ வந்தால், அதன் குலுங்கலை அளந்து பார்ப்பார்கள். பயணிகள் பெட்டிகளுக்கு ரைடு இண்டெக்ஸ் என்று ஒரு மதிப்பெண் உண்டு. இதில் குறைந்தால்தான் நல்லது. 3.25-க்குள் இருந்தால் விரும்பத்தக்கது, 3.5-ஐத் தாண்டக் கூடாது.

யார்டில் பார்த்தால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

- இன்ஜினுக்கு அடுத்தாற்போல, ரயிலுக்கு முன்னால் மாட்டியிருந்தால், அது இழுவிசை அளக்கும் டைனமோமீட்டர் பெட்டியாக இருக்கலாம். பாபேஜ் பெட்டியின் நேரடி வாரிசு.
- சக்கர அச்சிலிருந்தும் போகியிலிருந்தும் ஒயர்கள் உள்ளே போனால், குலுங்கல் அளக்கும் சோதனை.
- பெட்டியின் அடியில், தண்டவாளத்துக்கு மேலே கருவிகள் தொங்கினால், தண்டவாளத்தின் அகலம், மட்டம், முறுக்கு ஆகியவற்றை அளக்கும் பெட்டி.
- கூரையில் கண்ணாடிக் கூண்டும் விளக்குகளும் இருந்தால், மேலே போகும் 25,000 வோல்ட் மின்கம்பியைச் சோதிக்கும் பெட்டி.
- உள்ளே படுக்கை, சமையலறை தெரிந்தால் குழம்ப வேண்டாம். வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் ஊழியர்கள் அதிலேயேதான் தங்குவார்கள்.

ஒரு எச்சரிக்கை. போட்டோ எடுக்க யார்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியம், தலைக்கு மேலே அந்தக் கம்பி இருக்கிறது.

பாபேஜ் கடைசியில் என்ன ஆனார்?

ரயில் பெட்டியில் ஐந்து மாதத்தில் சாதித்தவரால், கணக்கு இயந்திரத்தை வாழ்நாள் முழுக்க முடிக்க முடியவில்லை. இயந்திரம் செய்த ஜோசப் கிளமென்டோடு சண்டை வந்து 1833-ல் வேலை நின்றது. அரசு செலவழித்தது மொத்தம் சுமார் 17,000 பவுண்டு. அந்தக் காலத்தில் ஒரு நீராவி இன்ஜின் சுமார் 800 பவுண்டு. ஆக, இருபது இன்ஜினுக்கு மேல் வாங்கும் காசு. 1842-ல் அரசு கைகழுவியது.

அதற்குள் அவர் மனது அடுத்த இயந்திரத்துக்குப் போயிருந்தது. அட்டையில் துளை போட்டுக் கட்டளை கொடுத்தால் எந்தக் கணக்கையும் போடும் அனலிட்டிக்கல் இன்ஜின். 1843-ல் அதைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதியவர் ஏடா லவ்லேஸ். அதுவும் காகிதத்திலேயே நின்றது.

வயதாக ஆகக் கோபமும் கூடியது. வீட்டு வாசலில் இசைக்கும் தெருப்பாடகர்களோடு ஓயாத சண்டை. 1871 அக்டோபர் 18 அன்று லண்டனில் இறந்தார். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1861-ல், மெட்ராஸ் ரயில்வே சேலம் வரை வந்துவிட்டிருந்தது. அவருடைய மகன் ஹென்றி இந்தியாவில், வங்காள ராணுவத்தில் அதிகாரியாக வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அப்பாவின் அனலிட்டிக்கல் இன்ஜினின் ஒரு பகுதியைச் செய்து 1910-ல் ஓட்டிக்காட்டினார்.

1991-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் பாபேஜின் இரண்டாவது டிஃபரன்ஸ் இன்ஜினை அவருடைய வரைபடத்தை வைத்தே செய்து முடித்தது. சரியாகக் கணக்குப் போட்டது. தப்பு அவருடைய கணக்கில் இல்லை என்பது 120 வருடம் கழித்து நிரூபணமானது.

அந்த இயந்திரம் காத்திருந்த காலம் முழுக்க, அவருடைய ரயில் பெட்டி யோசனை மட்டும் நாடு நாடாக ஓடிக்கொண்டே இருந்தது. நாமக்கல் வழியாக ஒரு ரயில் குலுங்காமல் போனால், அந்த நிம்மதிக்குப் பின்னால் யாரோ ஒருவர் பயணி இல்லாத பெட்டியில் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.